ஏட்டில் மருந்து, சுவரில் பட்டம்!

மருந்து விற்பது வாணிபமா, மக்களின் உயிர் காக்கும் பணியா?

வம்புக்காக நாம் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. கல்லூரியிலிருந்து பட்டத்தோடு வெளியே வரும் மருந்தியல் மாணவன் எந்த இடத்தில் நிற்கப் போகிறான் என்பது, இந்தக் கேள்விக்கு நாடு தரும் பதிலைப் பொறுத்தே இருக்கிறது. வாணிபம்தான் என்றால் நான்காண்டுப் படிப்பு எதற்கு? பெட்டியின் மேலிருக்கும் பெயரைப் படிக்கத் தெரிந்தவனும், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணத் தெரிந்தவனும் போதுமே! இல்லை, பணிதான் என்றால், அந்தப் பணிக்குரியவனை அதற்குரிய இடத்தில் நிறுத்த ஏன் இத்தனைத் தயக்கம்?

கோவையைச் சுற்றி வாருங்கள். அவினாசி சாலை, திருச்சி சாலை, மேட்டுப்பாளையம் சாலை என்று எந்தச் சாலையில் நடந்தாலும் மருத்துவமனை. மருத்துவமனையின் எதிரே வரிசையாக மருந்துக்கடை. பஞ்சாலைகளால் பெயர் பெற்ற நகரம், இன்று மருத்துவத்துக்காக அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் தேடி வரும் நகரமாகிவிட்டது. மருத்துவமனைகளோடு மருந்தியல் கல்லூரிகளும் வளர்ந்தன. பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் ஆர்.வி.எஸ். என்று கோவையிலும் சுற்றிலும் கல்லூரிகள். குமாரபாளையத்தில், ஈரோட்டில், திருச்செங்கோட்டில், சேலத்தில் கல்லூரிகள். மலையேறினால் உதகையில் ஜே.எஸ்.எஸ். கொங்கு நாடு மருந்தியல் படிப்புக்குப் பஞ்சமில்லாத நாடு.

அங்கே படிக்க வருகிறவர்கள் யார்? பவானியில் ஜமக்காளம் நெய்தவரின் மகள். பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் உரித்தவரின் மகன். திருப்பூரில் பனியன் தைத்துத் தைத்துக் கண் பூத்த தாயின் பிள்ளை. தமிழ்நாட்டில் இந்தப் பட்டப்படிப்பின் வாசலில் ‘நீட்’ என்னும் முள்வேலி போடப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். 1993இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் துணை நிற்கிறது. சமூகநீதி திறந்துவிட்ட வாசல் வழியே உள்ளே வந்த பிள்ளைகள் இவர்கள். ஆகவே, இந்தப் படிப்பு அவர்களை எதற்குத் தயார் செய்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. உள்ளே அனுப்பிவிட்டால் போதுமா? வெளியே வரும்போது என்னவாக வருகிறான் என்று பார்க்க வேண்டாமா?

நான்காண்டில் கற்பது என்ன?

முதலில் பெருமையைச் சொல்வோம். பி.பார்ம் என்னும் அந்த நான்காண்டுப் படிப்பு எளிதானதன்று. எட்டுப் பருவங்கள். உடற்கூறும் உடலியங்கியலும் படிக்க வேண்டும். கரிம வேதியியல் படிக்க வேண்டும். மாத்திரையும் மருந்துநீரும் களிம்பும் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதைச் செய்தே பார்க்க வேண்டும். ஒரு மருந்து குடலில் கரைந்து, குருதியில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகம் வழியே வெளியேறும் கணக்கைப் போட வேண்டும். மூலிகையின் இலையைச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் அடையாளம் காண வேண்டும். மருந்தில் கலப்படம் உண்டா, அளவு சரியா என்று சோதிக்கும் பகுப்பாய்வைக் கற்க வேண்டும். மருந்துச் சட்டமும் ஒரு பாடம். புள்ளியியலும் ஒரு பாடம்.

இந்த அறிவு எத்தனை அருமையானது என்பதை நாடு கண்ணீர் விட்டுக் கற்றிருக்கிறது. 1937இல் அமெரிக்காவில் ‘சல்பனிலமைடு’ என்னும் மருந்தை இனிப்புநீராக விற்றார்கள். அதைக் கரைக்கப் பயன்படுத்திய திரவம் டைஎத்திலீன் கிளைக்கால். அது நஞ்சு என்று சோதித்துப் பார்க்காமலே சந்தைக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே அந்த நாடு புதிய மருந்துச் சட்டம் இயற்றியது.

அது அமெரிக்கா, அது பழங்கதை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே! அந்த மருந்து செய்யப்பட்ட ஆலை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. மருந்தில் 48.6 விழுக்காடு அதே டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைச் சோதித்துச் சொன்னதும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வுக்கூடம்தான். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. சோதனைக் குழாயைப் பிடிக்கத் தெரிந்த கை ஒன்று ஆலைக்குள்ளே இருந்து, அந்தக் கைக்கு ‘இந்தப் பீப்பாயைத் திறக்காதே’ என்று சொல்லும் அதிகாரமும் இருந்திருந்தால், அந்தத் தொட்டில்கள் வெறுமையாகி இருக்குமா?

ஆகவே ஆய்வுக்கூடப் பாடத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது வேண்டும், இன்னும் நன்றாக வேண்டும். ஆனால், அது மட்டும் போதுமா என்பதே நம் கேள்வி.

கணக்குப் பாருங்கள்

இந்திய மருந்தியல் மன்றம் பி.பார்ம் படிப்புக்கு 2014இல் விதிகள் வகுத்தது. ஆறாம் பருவம் முடிந்து ஏழாம் பருவம் தொடங்குவதற்கு முன், மாணவன் மருந்து நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ குறைந்தது 150 மணி நேரம், நான்கு வாரங்களில், பயிற்சி பெற வேண்டும் என்கிறது அந்த விதி. அந்தப் பகுதிக்கு இட்டிருக்கும் தலைப்பு என்ன தெரியுமா? ‘விரும்பத்தக்கது’! கட்டாயம் என்று இல்லை; விரும்பத்தக்கது. சாப்பாட்டில் உப்பு விரும்பத்தக்கது என்று எழுதிய சமையல் குறிப்பைப் போல!

ஏழாம் பருவத்தில் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ என்று இன்னொரு 150 மணி நேரம் உண்டு. நல்லதுதான். ஆனால், கல்லூரி அறிவிக்கும் துறைகளில் ஏதேனும் ஒன்றை மாணவன் தெரிந்துகொள்ளலாம். நோயாளி வந்து நிற்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அதிலும் இல்லை.

இனி டி.பார்ம் என்னும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பைப் பாருங்கள். அதே மன்றம் 1991இல் வகுத்த கல்வி விதிகள், பாடம் முடிந்தபின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றன. அதில் 250 மணி நேரமாவது மருத்துவரின் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலேயே கழிய வேண்டும் என்றன.

இரண்டாண்டு படித்தவனுக்கு 500 மணி நேரம், அதுவும் கட்டாயம். நான்காண்டு படித்தவனுக்கு 150 மணி நேரம், அதுவும் விருப்பம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் இருபத்தைந்தே நாள்! இருவரும் பதிவு பெறுவது ஒரே பதிவேட்டில். இருவரும் நிற்கப்போவது ஒரே மேசைக்குப் பின்னால். கேட்க வருவதும் அதே நோயாளிதான். இது என்ன நியாயம்?

இப்படி நேர்ந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தியாவில் மருந்தியல் பட்டக்கல்வி 1932இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராப் என்பாரின் முயற்சியால் தொடங்கியது. அந்நிய நாட்டு மருந்தை நம்பிக் கிடந்த காலம் அது. கலப்படம் மலிந்த காலம். சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு அந்த அவலத்தை 1930, 1931 ஆண்டுகளில் ஆராய்ந்தது. ஆகவே, மருந்து செய்யத் தெரிந்தவனும் சோதிக்கத் தெரிந்தவனும் நாட்டுக்கு முதலில் தேவைப்பட்டார்கள். பட்டதாரி ஆலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்றும், பட்டயதாரி கடைக்கும் மருத்துவமனைக்கும் என்றும் பாதை பிரிந்தது. அன்றைய தேவைக்கு அன்று போட்ட பாதை அது. இன்று பட்டதாரிகளில் பலர் கடையிலும் மருத்துவமனையிலும் நிற்கிறார்கள். பாதை மாறிய பின்னும் பழைய வண்டித்தடத்திலேயே சக்கரம் உருள வேண்டுமா?

‘பார்ம்.டி.’ என்று ஆறாண்டுப் படிப்பு ஒன்று 2008இல் வந்தது. ஐந்தாண்டுப் பாடம், ஆறாவது ஆண்டு முழுதும் மருத்துவமனையில் பயிற்சி. நோயாளியின் கட்டிலருகே மாணவனை நிறுத்தும் படிப்பு. வரவேற்கிறோம். ஆனால், ஆறாண்டு படிக்க வைக்க எத்தனை நெசவாளர் குடும்பங்களால் முடியும்? நோயாளியின் முகம் பார்க்கும் பாடம், கூடுதலாக இரண்டாண்டு கட்டணம் கட்டுபவனுக்கு மட்டும் உரியதா?

வெளியுலகம் எப்படிச் செய்கிறது? ஜெர்மனியில் நான்காண்டு பல்கலைக்கழகப் படிப்புக்குப் பின் ஓராண்டு நடைமுறைப் பயிற்சி. அதில் ஆறு மாதமாவது பொதுமக்கள் வந்துபோகும் மருந்துக்கடையில். அதன் பின்பே உரிமம். அமெரிக்காவில் தொழில் பழகுவதற்கு முதல் கட்டம் 300 மணி, அடுத்த கட்டம் 1440 மணி. ஆக 1740 மணி நேரம் நோயாளியோடு பழகியவனே அங்கே மருந்தாளுநர். நாமோ இருபத்தைந்து நாளில் முடித்து அனுப்புகிறோம்!

வள்ளுவர் எண்ணிய நால்வர்

மேனாட்டை மட்டும் காட்டிப் பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். குறளின் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒருவன், அவனைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிலிருந்து மருந்தைப் பிழையின்றிச் சேர்ப்பிக்கும் ‘உழைச்செல்வான்’ ஒருவன். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமையாகாது. அந்த நான்காமவனை எண்ணிச் சொல்ல வள்ளுவருக்குத் தோன்றியது. நம் காலமோ மருத்துவனுக்கு மாடமாளிகை கட்டியது. மருந்துக்கு விளம்பரம் செய்தது. நோயாளியிடம் பணம் வாங்கியது. நான்காமவனை மட்டும் மறந்தது!

கொங்கு நாட்டுக்குக் கைத்தொழிலைக் கற்பிக்கும் முறை புதிதா என்ன? பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் எழுந்தது. அந்தப் பட்டறை இருந்த வளாகத்திலேயே 1951இல் பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். முதலில் பட்டறை, பிறகு கல்லூரி! வார்ப்படமும் கடைசலும் நடக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே மாணவன் பாடம் படித்தான். கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிப் பார்த்து எந்திரம் கற்றவர். உலகம் வியந்த அந்த மேதைக்குப் பள்ளிக்கூடம் தந்தது கொஞ்சம்; கை தந்தது ஏராளம். எந்திரத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் பொறியாளன் என்று இந்த மண் நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தது. அந்த மண்ணில் நோயாளியிடம் பேசிப் பார்க்காமலே ஒருவன் மருந்தாளுநர் ஆகிறான் என்றால், குறை மண்ணிலா, விதியிலா?

விதி எங்கே எழுதப்படுகிறது? தில்லியில்! காசிக்கும் கோவைக்கும் ஒரே அச்சு, ஒரே வார்ப்பு. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் திருத்தம் கொண்டுவந்து பொதுப்பட்டியலுக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்த உரிமைப் போர் தனியே நடக்கட்டும், நடத்துவோம். ஆனால், தில்லியின் விதியிலேயே ஒரு சொல் இருக்கிறது: ‘குறைந்தது’. குறைந்தது 150 மணி நேரம் என்றால், அதற்கு மேல் செய்யாதே என்று பொருளா? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த கல்லூரிகளும் மனம் வைத்தால், மாணவனைக் கூடுதல் நாள் நிறுத்த எவர் தடை சொல்லப் போகிறார்?

மூதாட்டி கேட்கும் கேள்வி

அந்த மேசைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது, அங்கே பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறோம்.

அன்னூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் கையில் சீட்டோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஏனுங் கண்ணு, இத சோத்துக்கு முன்னாலைங்களா, பொறகுங்களா?” என்று கேட்கிறார். நான்காண்டும் ஆங்கிலத்தில் படித்த மாணவனுக்கு மருந்தின் வேதியியல் அமைப்பு கரும்பலகையில் வரையத் தெரியும். அந்த அம்மிச்சிக்கு விளங்கும் தமிழில் பதில் சொல்லத் தெரியுமா? அதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் இட்டார்கள்?

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டியது. பெட்டியின் மேல் எழுத்து ஆங்கிலத்தில். ‘தினம் ஒன்று’ என்று எண்ணி விழுங்கினால் எலும்பு மஜ்ஜையே பழுதாகி உயிர் போகும். அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது, “வாரம் ஒரு தடவை மட்டும் அம்மா, திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமை மட்டும்” என்று அழுத்திச் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கும் ஒருவன் அங்கே இருக்கிறானா, இல்லையா? அவன் சொன்னால் அவர் வீடு திரும்புவார். சொல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகள் மருத்துவமனை வாசலில் காத்திருப்பார்கள்.

இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மருந்து கெடும். ஆஸ்துமாக்காரர் இழுக்கும் குழலைச் சரியாக இழுக்காவிட்டால் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கும். இவற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால், அந்த ஒரு நிமிடத்தைப் பழக நூறு நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். செவிட்டுத் தாத்தாவிடம் எப்படி உரக்கப் பேசுவது, நாணப்படும் இளம்பெண்ணிடம் எப்படி மெல்லப் பேசுவது, “போன வாரம் கொடுத்த மாத்திரையே கொடு” என்று அதட்டுகிறவரிடம் எப்படி மறுப்பது... இதற்கெல்லாம் எந்தப் பாடநூல்? மேசைதான் பாடநூல்!

2015இல் வந்த மருந்தியல் தொழில் நெறி விதிகள் இதைத்தான் கடமையாக்கியிருக்கின்றன. மருந்தின் பெயர், எப்படி எடுப்பது, பக்க விளைவு என்ன, எங்கே வைப்பது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று நோயாளியிடம் எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் வேலை என்கின்றன. கடமையைச் சட்டத்தில் எழுதினார்கள். பழகுவதற்கு நேரத்தைப் பாடத்திட்டத்தில் எழுத மறந்தார்கள்!

பெரியார் பிறந்த ஈரோடு இந்தக் கொங்கு நாட்டில்தான் இருக்கிறது. ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என்று கற்பித்தவர் அவர். இன்று நம் மக்கள் மாத்திரையை எப்படி வாங்குகிறார்கள்? விபூதி வாங்குவதுபோல் கை நீட்டி வாங்குகிறார்கள். கொடுப்பவரும் விபூதி கொடுப்பதுபோல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். கேட்பவரும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. அறிவியல் கண்ட மருந்தையும் மூடநம்பிக்கையோடு விழுங்கினால் அது பகுத்தறிவா? காய்ச்சலுக்கு நான்கு நாள் விழுங்க வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லியை இரண்டு நாளில் நிறுத்துகிறார்கள். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அதனால்தான் 2014 மார்ச் முதல் ‘எச்1’ பட்டியல் மருந்துகளைத் தனி ஏட்டில் பதிந்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏட்டில் பதிந்தால் போதுமா? நோயாளியின் நெஞ்சில் பதிய வேண்டாமா?

சுவரில் தொங்கும் மனிதன்

இனி, இருக்கும் கேடுகளில் பெரிய கேட்டுக்கு வருவோம்.

மருந்துக்கடை உரிமத்துக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். சீட்டு மருந்து அவர் மேற்பார்வையில்தான் தரப்பட வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் அப்படிச் சொல்கின்றன. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவும் மற்றவர் மருந்து எடுத்துக் கொடுப்பது குற்றம் என்கிறது. அந்தப் பிரிவு நடப்புக்கு வந்தது எப்போது? 1984இல்! எழுதிய மை காய்ந்து நடைமுறைக்கு வர முப்பத்தாறு ஆண்டு! அதன் பின்னும் என்ன ஆயிற்று? மருந்தாளுநர் வரவில்லை, அவருடைய சான்றிதழ் மட்டும் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊதுவத்தி மணக்க, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். மாதம் ஒரு தொகை, சான்றிதழுக்கு வாடகை!

எல்லாக் கடையும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையணிந்து, பெயர்ப்பட்டை குத்தி, நோயாளியிடம் நின்று பேசும் மருந்தாளுநர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஆனால், வாடகைச் சான்றிதழ் என்பது நாடறிந்த செய்தி. வீட்டை வாடகைக்கு விடுவார்கள். வண்டியை வாடகைக்கு விடுவார்கள். படித்த படிப்பை வாடகைக்கு விடும் கொடுமை உண்டா?

தம்பி, தங்கையே, உங்களைத்தான் கேட்கிறோம். அந்தச் சான்றிதழுக்காக உன் தந்தை எத்தனை இரவு தறியில் அமர்ந்தார்? உன் தாய் எந்த நகையை அடகு வைத்தார்? அந்தக் காகிதம் சுவரில் தொங்கும்போது தொங்குவது காகிதமா? உன் தன்மானமல்லவா தொங்குகிறது! நீ அங்கே இல்லாத வேளையில் உன் பெயரால் ஒரு தவறான மாத்திரை கைமாறினால், அந்த உயிருக்குப் பொறுப்பு யார்? கடைப்பையனா? கடைக்காரரா? பெயர் உன்னுடையது, தம்பி!

கடைக்காரர்கள் சொல்லும் வாதத்தையும் கேட்போம். “சிறிய கடை, வருமானம் சொற்பம், பட்டதாரிக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது” என்கிறார்கள். மாணவர்கள் சொல்வதையும் கேட்போம். “நாள் முழுதும் நின்றால் கிடைப்பது கூலிக்கும் குறைவு, அதற்கு மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கலாம், மெடிக்கல் கோடிங் கம்பெனியில் கணினி முன் அமரலாம்” என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், இரண்டு உண்மைகளும் ஒரே வேரில் முளைத்தவை. மருந்தாளுநர் என்ன செய்வார் என்பதை மக்கள் கண்ணால் கண்டதில்லை. கண்டிராத வேலைக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாத வேலைக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத வேலைக்குப் படித்தவன் வருவதில்லை. வராதவனுடைய சான்றிதழ் மட்டும் வருகிறது. இந்தச் சங்கிலியை எங்கேனும் ஒரு கண்ணியில் அறுக்க வேண்டும். கல்லூரியில் அறுப்பதே எளிது. ஏனெனில் அங்கே இருப்பவன் இளைஞன்.

அரசு ஒரு வழி காட்டியிருக்கிறது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்’களைத் திறந்து வைத்தார். மலிவு விலையில் மருந்து. தொழில்முனைவோராகக் கடை நடத்த முன்வரும் மருந்தியல் படித்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம். வாடகைக்குச் சான்றிதழ் விட்டவனைக் கடைக்கு உடையவனாக்கும் திட்டம் என்பதால் நாம் அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாடுகிற உரிமையோடு ஒன்று சொல்கிறோம். படித்தவர் தாமே நடத்தலாம் என்பதோடு, ‘அவருடைய ஒப்புதலோடு’ மற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்று அந்த அறிவிப்பில் ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகம் பழைய வாடகை நோய்க்குப் பின்வாசலாக மாறிவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல திட்டத்துக்குக் காவல் நிற்பது நண்பனின் வேலை. அந்த உரிமையில்தான் சொல்கிறோம்.

நாம் கேட்பது

நாம் கேட்பது நிலவைப் பறித்துத் தா என்பதல்ல.

பட்டயதாரிக்கு விதித்த 500 மணி நேரத்தைப் பட்டதாரிக்கும் விதியுங்கள். விரும்பத்தக்கது என்ற சொல்லை அடித்துவிட்டுக் கட்டாயம் என்று எழுதுங்கள். அதில் பாதியாவது, நோயாளியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில் கழியட்டும்.

அந்த இடத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? கோவை அரசு மருத்துவமனை இருக்கிறது. வட்டந்தோறும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. கூட்டுறவு மருந்தகங்கள் இருக்கின்றன. முதல்வர் மருந்தகங்கள் வந்திருக்கின்றன. அங்கெல்லாம் மாணவனை அனுப்புங்கள். கையெழுத்துக்காக அல்ல, கற்பதற்காக. பயிற்சி ஏட்டில் பொய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் நுழைந்தால் 500 மணி நேரமும் வெறும் எண்ணாகிவிடும். ஆகவே, கற்பிக்கும் மருந்தாளுநருக்கு அதற்கென ஊதியம் கொடுங்கள், பொறுப்பும் கொடுங்கள்.

இறுதித் தேர்வில் ஒரு பகுதியைத் தமிழில் வையுங்கள். ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்து, எதிரே ஒருவரை அமர்த்தி, அவருக்கு விளங்கும்படி தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தால் தேர்ச்சி. ஆட்சிமொழி தமிழ், பயிற்றுமொழி தமிழ் என்று போராடிய நாட்டில், மருந்துமொழி மட்டும் மக்களுக்குப் புரியாத மொழியாக இருப்பது எந்த வகையில் பொருந்தும்?

மருந்து ஆய்வாளர்கள் கடைக்குப் போகும்போது அலமாரியை மட்டும் எண்ண வேண்டாம், ஆளையும் எண்ணட்டும். சுவரில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பாமல், பெயருக்குரியவர் இருக்கிறாரா என்று கேட்கட்டும்.

மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருந்து வாங்கும்போது, “இங்கே மருந்தாளுநர் யாருங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டாம். “இது எதுக்குங்க, எப்படிச் சாப்பிடறதுங்க, எத்தனை நாளைக்குங்க?” என்று இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். நூறு பேர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவரைத் தேடுவார். ஆயிரம் பேர் கேட்டால் அவருக்கு நாற்காலி போட்டு நல்ல சம்பளமும் கொடுப்பார்.

நெசவாளியின் மகனைக் கல்லூரிக்குள் அனுப்பியது சமூகநீதி. அவன் கற்றதை அவனுடைய ஊர்த் தாய்மாருக்கே பயன்படச் செய்வது அந்த நீதியின் அடுத்த படி. முதல் படி ஏறிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடுவோமா? ஏறுவோம், அடுத்த படியையும்!